அறுபது ஒப்புட்டு

வேலையில் சேர்ந்த முதல் நாளே உங்கள் எல்லார் கையிலும் ஒரு கையேட்டைக் கொடுத்திருப்பார்கள். வேலையிடத்தில் பாகுபாடு கூடாது, எவரையும் ஒதுக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும் கையேடு. அட்டையில் ஒரு படம் இருக்கும். நீலக் கோட்டு போட்ட தையற்காரப் பெண் ஒருவர், கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்திக்கு ஒப்புட்டு ஊட்டுகிறார். அம்மாள் ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். பின்னால் நாலைந்து பெண்கள் கை தட்டுகிறார்கள்.

அந்த அம்மாள் நான்தான்.

பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிடும்போதெல்லாம், "அந்தப் படத்தோட கதையைச் சொல்லுங்க மேடம்" என்று கேட்கிறீர்கள். நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். நீங்களும் கை தட்டியிருக்கிறீர்கள். சொன்னது பாதிக் கதை. மீதியை இப்போது எழுதுகிறேன். படித்த பிறகு என் மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை குறைந்தால் குறையட்டும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்?

நான் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். எங்கள் வரிசையில் யாரும் யாரையும் சாதி கேட்டதே இல்லை என்று ரொம்ப காலம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் எல்லாருடையதும் முன்னாலேயே தெரியும், அதனால்தான் கேட்கவில்லை என்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது. முதலில் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தேன். பிறகு நாமக்கல் பக்கம் ஏற்றுமதி ஆடை தைக்கும் ஆலை ஒன்றுக்கு மனிதவள அதிகாரியாக வந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் 'பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம்' என்று கேட்க ஆரம்பித்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இனிமே அதையும் நீங்களே பாத்துக்குங்க மேடம்" என்றார். அப்படித்தான் இந்த வேலை எனக்கு வந்தது. இட்லி ஊற்றுகிறவளிடம் தோசைக் கரண்டியையும் கொடுத்த மாதிரி.

பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். திரையில் படம் படமாக ஓடியது. கறுப்பர், வெள்ளையர், சக்கர நாற்காலியில் இருப்பவர், முக்காடு போட்டவர் எல்லாரும் வந்தார்கள். நான் கையைத் தூக்கி, "சாதி எங்கே சார் வரும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது உங்க லோக்கல் மேட்டர் மேடம். 'சமூகப் பின்னணி'ன்னு போட்டுக்கங்க" என்றார். நானும் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் எழுதிய அறிக்கை எதிலும் சாதி என்ற சொல் வந்ததில்லை. முழுப் பூசணிக்காயை எத்தனை வருஷம் சோற்றில் மறைத்தேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

இனி கலாமணிக்கு வருகிறேன். படத்தில் ஊட்டுகிறாரே, அவர்தான்.

எங்கள் ஆலையில் ஒரு லைன் என்றால் அறுபது பெண்கள். அவர்களுக்கு மேல் ஒரு சூப்பர்வைசர். கலாமணி மூன்றாவது லைனில் தையல்காரராகச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. காலரோ கையோ, எந்த மெஷினில் உட்கார வைத்தாலும் தைப்பார். பையர் அனுப்பும் அளவுத்தாளை ஒருமுறை பார்த்தால் போதும், எந்த இடத்தில் தையல் பிசகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். மூன்றாவது லைனுக்கு சூப்பர்வைசர் இடம் காலியானபோது எழுத்துத் தேர்வு வைத்தேன். கலாமணிதான் முதல். லைனில் மூத்தவரான சரசக்கா நாலாவது.

அதுவரை எங்கள் ஆலையில் சூப்பர்வைசர் ஆனவர்கள் எல்லாரும் 'ஊருக்குள்' இருந்து வந்தவர்கள். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனி பஸ் ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு இடத்தில் நிற்கும். ஒன்று ஊர், இன்னொன்று காலனி. பஸ்ஸில் புதிதாக ஒரு பெண் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மெதுவாகக் கேட்பார்: "எந்த ஊருங்க? ஊருக்குள்ளாறயா, அக்கட்டயா?" பதில் வந்ததும் முகம் மாறாது, குரல் மாறாது, 'ங்க' கூடக் குறையாது. ஆனால் அதற்கப்புறம் யார் யாரோடு உட்காருவது என்பது முடிவாகிவிடும். கலாமணி ஏறுவது இரண்டாவது நிறுத்தத்தில்.

பொது மேலாளரிடம் கோப்பைக் கொண்டுபோய் வைத்தேன். கெட்ட மனிதர் இல்லை அவர். தலையைச் சொறிந்துகொண்டு, "கெட்டிக்காரப் புள்ளைதானுங்க மேடம், நான் இல்லைங்கல. லைன் ஒத்துக்கோணுமில்லீங்க. ஷிப்மென்ட் வேற தலைக்கு மேல நிக்குது" என்றார்.

"அதை நான் பார்த்துக்கிறேன் சார்" என்றேன். நான்தான் வகுப்புக்கெல்லாம் போய் வந்தவள் ஆயிற்றே!

வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: ஒன்றாகச் சாப்பிட்டால் வேலி உடையும். அவரவர் வேரோடும் பேரோடும் அவரவரைக் கொண்டாடுங்கள். சரி, இதுதான் வழி என்று 'ஊட்டுச் சாப்பாடு நாள்' என்று ஒன்று ஏற்பாடு செய்தேன். இந்தப் பக்கம் வீட்டை ஊடு என்பார்கள். ஒவ்வொரு லைனிலிருந்தும் பத்துப் பேர் வீட்டிலிருந்து ஒரு பதார்த்தம் செய்துகொண்டு வர வேண்டும். உணவுக்கூடத்தில் நீள மேசை போட்டு எல்லாவற்றையும் வரிசையாக வைக்க வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஒரு சீட்டு. அதில் பேரும் ஊரும். கொண்டுவந்தவர் தன் பாத்திரத்துக்குப் பின்னால் நின்று தானே பரிமாற வேண்டும். எல்லாரும் சாப்பிட்டு மனசு குளிர்ந்திருக்கும் நேரத்தில் மைக்கைப் பிடித்து புது சூப்பர்வைசர் கலாமணி என்று அறிவித்துவிடலாம். இதுதான் என் திட்டம். அந்தச் சீட்டு யோசனை என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை.

முந்தின நாள் கலாமணியை அறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அப்போதெல்லாம் நான் பெண்களை வா, போ என்றுதான் பேசுவேன்.

"நாளைக்கு மைக்ல உன் பேரைச் சொல்லப் போறேன் கலாமணி. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"நெசமாவாங்க மேடம்?"

"பொய் சொல்லவா கூப்பிட்டேன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் பலகாரம் கொண்டாரோணுங்களா?" என்று கேட்டார்.

"நீ கொண்டுவராம வேற யாரு கொண்டுவருவா?"

"சீட்டுல ஊரும் எழுதோணுங்களா மேடம்?"

இளைஞர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் முப்பத்தைந்து வருஷப் பணியில் என்னிடம் கேட்கப்பட்ட மிக முக்கியமான கேள்வி இதுதான். அந்தக் கேள்விக்குள் எல்லாமே இருந்தது. எனக்கோ அது காதில் விழுந்ததே ஒழிய மண்டையில் ஏறவில்லை. "எல்லாரும்தானே எழுதறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சமத்துவம் பேசுகிறேன் என்ற நினைப்பு வேறு!

மறுநாள் கலாமணி அகலமான ஒரு எவர்சில்வர் போசிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே வாழையிலை போட்டு அடுக்கடுக்காக ஒப்புட்டு. மற்ற ஊர்களில் போளி என்பார்கள். பருப்பும் வெல்லமும் பூரணம் வைத்துத் தட்டி, நெய் விட்டுச் சுட்டது. மூடியைத் திறந்தபோது ஏலக்காய் வாசனை கூடம் முழுக்க வந்தது.

"எத்தனை சுட்டே?" என்று கேட்டேன்.

"அறுவதுங்க. லைனுக்கு ஆளுக்கு ஒன்னு."

மதிய மணி அடித்தது. பெண்கள் தட்டோடு வரிசையில் வந்தார்கள். கொள்ளுப்பருப்பு, சந்தகை, எள்ளுருண்டை, பச்சைப்பயறு கடைசல், அரிசிம்பருப்புச் சோறு என்று மேசை நிறைந்திருந்தது. ஐந்தாவது லைனிலிருந்தும் ஒருவர் ஒப்புட்டு கொண்டுவந்திருந்தார். அது கால் மணி நேரத்தில் தீர்ந்து, அடியில் ஒட்டியிருந்ததைக்கூட யாரோ வழித்துக்கொண்டார்கள். நான் கூடத்தின் மறுமுனையில் போட்டோக்காரரிடம் எந்தப் பக்கம் நின்று எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது அரை மணி நேரம் ஓடியிருந்தது.

கலாமணியின் போசி அப்படியே இருந்தது.

அவர் அதன் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கிழிந்த வாழையிலைத் துண்டு. எடுத்துப் போடுவதற்காக வைத்திருந்தது. ஒவ்வொருவராக அவர் முன்னால் வந்தார்கள். சீட்டை ஒருமுறை பார்த்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒரு கடுஞ்சொல் பேசவில்லை.

"வயிறு நெறஞ்சு போச்சு கலாமணி, பொறவு வாரேன்."

"எனக்குச் சக்கரை இருக்குது கண்ணு, இனிப்பு ஆகாது."

"அட, நொம்ப நல்லா மணக்குதே! வெச்சிரு, கடைசியில எடுத்துக்கறேன்."

சரசக்காவும் வந்தார். எட்டு வருஷமாகக் கலாமணிக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைப்பவர். கலாமணியின் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய வேலையையும் சேர்த்துத் தைத்துக் கொடுப்பவர். அவரும் சீட்டைப் பார்த்தார். கலாமணியைப் பார்க்காமல் நகர்ந்து போனார்.

ஒரு வருஷத்துக்கு மேல் அதே கூடத்தில் நானும்தான் சாப்பிட்டிருக்கிறேன். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்து உண்பதைப் பார்த்துப் பூரித்திருக்கிறேன். யார் டப்பாவில் யார் கை போகிறது என்று ஒரு நாளாவது பார்த்தேனா? பார்க்கவில்லை. நீங்கள் ஒரு புது ஆலைக்குப் போனால் முதல் மாதம் எந்தக் கொண்டாட்டமும் வைக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து கைகளை மட்டும் பாருங்கள். எனக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த நேரத்தில் ஏதாவது செய்தாக வேண்டும் என்று விறுவிறுவென்று மேசைக்குப் போனேன். எல்லாருக்கும் கேட்கும்படி, "என்ன கலாமணி, எனக்குக் கிடையாதா? ஊட்டி விடு பார்க்கலாம்!" என்றேன்.

அவர் தயங்கினார். "கையில போடறனுங்க மேடம்."

"ஊட்டித்தான் விடணும்!"

ஊட்டினார். போட்டோக்காரர் படம் எடுத்தார். பின்னால் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். ஒரு வாய்கூட எடுத்துத் தின்னாதவர்கள், பெரிய மனசு மேடத்துக்கு என்று தட்டினார்கள். அந்தக் கைத்தட்டல் எனக்குத்தான், கலாமணிக்கு இல்லை. நீங்கள் கையேட்டில் பார்க்கும் படம் அதுதான். அடுத்த முறை பார்க்கும்போது என் முகத்தைப் பார்க்காதீர்கள். கீழே போசியைப் பாருங்கள். நிறைந்திருக்கும்.

அப்போதும் காரியம் முழுக்கக் கெட்டுவிடவில்லை. அறிவிப்பு மிச்சம் இருந்தது. பொது மேலாளர் என் பக்கத்தில் வந்து, வாயை அசைக்காமல் கேட்டார்: "மேடம், பேரைச் சொல்லிப்புடலாமுங்களா? இல்ல, இப்ப வேண்டாமுங்களா? நீங்க சொல்றதுதான்."

கையில் அறிவிப்புத் தாள் இருந்தது. முதலாளி கையெழுத்துப் போட்டது. மைக் தயாராக இருந்தது. மணி அடிக்க ஐந்து நிமிஷம். பலகாரத்தையே தொடாதவர்கள் இவர் சொல்பேச்சையா கேட்கப் போகிறார்கள்? அறுபது பேரும் மெஷினை நிறுத்திவிட்டால்? இன்னும் ஒன்பது நாளில் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு இருக்கிறதே? எல்லார் முன்னாலும் இவருக்கு இன்னொரு அவமானம் நேர்ந்தால்? இவரைக் காப்பாற்றுவதற்காகத்தான் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வேலையில் நாம் செய்கிற கோழைத்தனத்துக்கெல்லாம் 'காப்பாற்றுகிறேன்' என்று பேர் வைத்துக்கொள்கிறோம். அதை என்னிடமிருந்தே கற்றுக்கொள்ளுங்கள்.

மைக்கைப் பிடித்தேன். கலாமணி ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, நேராக நின்று என்னைப் பார்த்தார். "எல்லாருக்கும் நன்றி. சாப்பாடு ரொம்ப அருமை. இதே ஒற்றுமையோட வேலை பார்ப்போம்" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டேன். மணி அடித்தது. எல்லாரும் கைகழுவப் போனார்கள். கலாமணி போசியை மூடி, துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டார். உள்ளே ஐம்பத்தொன்பது இருந்தது.

சாயங்காலம் சரசக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். அவர் முகமும் சரியில்லை.

"எழுதி வெச்சுப்போட்டீங்களே மேடம்" என்றார். "எழுதாம இருந்திருந்தா யாரோ கொண்டாந்ததுன்னு தெரியாத மாதிரி ஒன்னு எடுத்திருப்பமுங்க. எழுதி, அவளையும் பின்னால நிக்க வெச்சு, அறுவது பேரும் பாத்துட்டு இருக்கறப்ப எடுத்தம்னா, பொழுதோட பஸ்ஸு ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள சேதி போயிருமுங்க. எங்கூட்ல நான் என்னங்க பதில் சொல்றது?"

"அப்போ அவ மனசு?"

"அது தெரியாமயா இங்க வந்து நிக்கறன்?" என்று சொல்லிவிட்டு அழுதார்.

மறுநாள் காலை கலாமணி வந்தார். "பேரு சொல்லலீங்களே மேடம்?" அவ்வளவுதான் கேட்டார்.

"நேத்து சூழ்நிலை சரியில்லம்மா. அடுத்த மாசம் பார்க்கலாம்."

"சரிங்க."

அடுத்த மாசம் போனது. அதற்கடுத்ததும் போனது. கோப்பு என் மேசையில்தான் இருந்தது. மூன்றாம் மாசம் பொது மேலாளர், "லைன் ஆளில்லாமக் கெடக்குது மேடம், சரசக்காவையே போட்டுறலாமுங்க" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டாயப்படுத்தினார் என்று சொல்லமாட்டேன், நான்தான் போட்டேன். சரசக்காவுக்கு அளவுத்தாள் படிக்க வராது. இரண்டு வாரம் மதிய நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கலாமணி. சொல்லிக்கொடுத்து முடித்த மறு மாசம் வேலையை விட்டு நின்றுகொண்டார். விலகல் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருந்தார். நான் அதையும் கோப்பில் வைத்தேன்.

இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? அந்தப் படத்தை பையருக்கு அனுப்பிய அறிக்கையில் சேர்த்திருந்தேன். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்கள் நாட்டுத் தலைமை அலுவலகத்திலேயே மாட்டினார்களாம். முதலாளி மகிழ்ந்துபோய் ஐந்து ஆலைகளுக்கும் என்னையே இந்தத் துறையின் தலைவியாக்கினார். சேலத்தில் ஏ.சி. அறை, கார், கருத்தரங்குக்கு அழைப்பு என்று எல்லாம் வந்தது. பிறகு கையேடு அச்சடித்தபோது படத்தை அட்டையில் போட்டோம். கலாமணியிடம் போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டையின் உட்பக்கத்தில் விளக்கம் வேண்டும் என்றார்கள். அந்தச் சீட்டில் இருந்ததையே எடுத்துப் போட்டேன், பேரும் 'காலனி' என்று முடியும் ஊரும். மற்ற கம்பெனிக்காரர்கள் மாதிரிக்குக் கேட்டபோது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அள்ளிக் கொடுத்தேன். உங்கள் முன்னால் வந்து பேசுகிறேனே, இந்தப் பணி வாழ்க்கை எழும்பி நின்றது அந்தப் போசியின் மேல்தான்.

ஓய்வு பெற்ற அன்று அதே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் மாட்ட மனசு வரவில்லை. பரணில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். ஆறு மாசம் கழித்து ஒரு நாள், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படிக் கிளம்பினேன். டவுன் பஸ்ஸில் போய், கம்பெனி பஸ் நிற்கும் அந்த இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி விசாரித்தேன்.

கலாமணி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மேடம், வாங்க. உக்காருங்க" என்று துணியை ஒதுக்கி இடம் போட்டார். டீ போட்டுக் கொண்டுவந்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று போனவள் நான்.

"அன்னைக்கு அவங்க யாரும் எடுக்காதது உங்களுக்கு எவ்வளவு…" என்று ஆரம்பித்தேன். முதல் முறையாக 'உங்களுக்கு' என்றேன்.

"அவிங்க திங்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க மேடம்" என்றார்.

"தெரியுமா? தெரிஞ்சும் ஏன் அறுபது சுட்டுக்கிட்டு வந்தீங்க?"

"நீங்க பேரைச் சொல்லீருவீங்கன்னு நெனச்சனுங்க. சூப்பர்வைசராகி மொத நாளு, ஆளுக்கு ஒன்னாவது குடுக்கோணுமில்லீங்க? திங்கறதும் திங்காததும் அவிங்க இஷ்டம். நம்ம கடமை நாம செஞ்சாச்சுன்னு இருக்கும்." பாபினில் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "அவிங்க திங்காததுக்கு நான் அழுவலீங்க. அது பொறந்ததுல இருந்து பாக்கறதுதான். நீங்க மைக்கை வெச்சுப்போட்டுப் போனீங்க பாருங்க, அதுக்குத்தான் பஸ்ஸுல ஊடு வாரவரைக்கும் அழுதுட்டு வந்தனுங்க."

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க" என்றார். பரவாயில்லை என்பதில் பரவாயில்லை கொஞ்சமும் இல்லை.

கிளம்பும்போது, "உங்களால ஒரு காரியம் ஆகோணுமுங்க" என்றார். அவருடைய மகள் படித்துவிட்டு சேலத்தில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அங்கே பயிற்சி வகுப்பில் ஒரு கையேட்டைக் கொடுத்திருக்கிறார்கள். நான் அள்ளிக் கொடுத்தேனே, அதேதான். அட்டையைப் பார்த்ததும் அந்தப் பெண், "ஐ, இது எங்கம்மா!" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டியிருக்கிறாள். அவர்களும் ஆசையாக வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அட்டையைத் திருப்பி உட்பக்கத்தையும் படித்திருக்கிறார்கள்.

"அதுவரைக்கும் நாலு புள்ளைங்க ஒன்னா உக்காந்து, டப்பாவை மாத்தி மாத்தி உண்டுட்டு இருந்திருக்குதுங்க மேடம். அன்னைக்கு மத்தியானத்துல இருந்து இவ டப்பாவுல யாரும் கை வெக்கறதில்லீங்க. ஒன்னும் சொல்லலியாம். 'வயிறு சரியில்ல'ங்கறாங்களாம்." அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "எம்பட போட்டோ இருந்தா இருந்துட்டுப் போகட்டுமுங்க. பேரும் இருக்கட்டும். ஊரை மட்டும் எடுத்துப்போடச் சொல்லுங்க."

அன்றைக்கே வீட்டுக்கு வந்து அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். என் இடத்துக்கு வந்தவர், நான் பயிற்சி கொடுத்து வளர்த்தவர், மரியாதையாகப் பதில் அனுப்பினார். இருப்பில் நிறையப் பிரதி இருக்கிறதாம். 'அடுத்த பதிப்பில் பார்க்கலாம் மேடம்' என்று எழுதியிருந்தார். அந்த வாக்கியத்தை அவர் யாரிடம் கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

கலாமணியைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதியிருக்கிறேன். பேரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஊரை நான் எங்கும் எழுதவில்லை, திரும்பப் படித்துச் சரிபார்த்துவிட்டேன். ஆனால் உங்கள் மேசையில் இருக்கும் கையேட்டின் உள்ளட்டையில் அது இருக்கிறது. கணினியில் இருக்கும் பிரதியிலும் இருக்கிறது. உங்களில் யாராவது ஒருவர் அந்த ஒரு வரியை அழிக்க யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. அச்சுப் பிரதியில் கறுப்பு மை போதும். கலாமணியின் மகளுக்கு நாளைக்கும் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் சாப்பாட்டு நேரம்.